சைட் தொலைக்காட்சிச் சோதனை (1975–76)

இந்தியக் கிராம மக்களுக்குக் கல்வி, உழவு, சுகாதாரம், குடும்ப நலம் முதலிய விஷயங்களைச் செயற்கைக்கோள் வாயிலாகப் போதிக்கும் பொருட்டு, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ‘சைட்’ (SITE) என்னும் பெயரில் நடைபெற்ற இச்சோதனை, தொலைக்காட்சி மனிதரிடத்தில் விளைவிக்கும் மாறுதல்களை முன்கூட்டியே திட்டமிட்டு ஆராய முனைந்த பெருமுயற்சிகளுள் ஒன்று.

1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு 1972 வரை வேறு நகரம் எதற்கும் செல்லாதிருந்த காலத்தில், அச்சாதனம் கிராமங்களுக்கே முதன்மையாகப் பயன்படவேண்டும் என்று வாதித்தவர் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய். அவருடைய முயற்சியால் 1969-இல் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்காவின் நாசாவுக்கும் இச்சோதனைக்கான உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பலனைக் காணாமலே 1971-இல் அவர் காலமானார். 1974-இல் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோள், ஓராண்டு அமெரிக்காவுக்குப் பயன்பட்டபின் கிழக்கே நகர்த்தப்பட்டு, ராஜஸ்தான், பீகார், ஒரிஸ்ஸா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அளித்தது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையைக் கொண்டே, ஏறத்தாழ மூன்று மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிகளை நம் பொறியாளர்கள் செய்துகொண்டனர். புவியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இலேயே எழுதிய அறிவியல் புனைகதையாசிரியர் ஆர்தர் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் ஓர் அலைவாங்கி நிறுவப்பட்டது. தாம் எழுதியது நிறைவேறுவதைத் தம் வீட்டிலிருந்தே பார்க்கும் பாக்கியம் எழுத்தாளருக்கு அடிக்கடி வாய்ப்பதன்று.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்குமாக நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு நிகழ்ந்தது. ஊருக்கு ஒரு பெட்டியே பொது இடத்தில் வைக்கப்பட்டமையால், பார்ப்பதென்பது கூடிப் பார்ப்பதாகவே இருந்தது. புதுமை தணிந்ததும் பெருங்கூட்டம் குறைந்தது. கிராமங்களிலேயே தங்கியிருந்து கவனித்த மானிடவியலாரும், சோதனைக்கு முன்னும் பின்னும் மக்களை வினவிய ஆய்வாளரும் கண்டவற்றுள் சிறப்பாகக் கருதத்தக்கது, சுகாதார விஷயங்களில் பெண்களும் எழுத்தறியாதோரும் மிகுந்த பயன் பெற்றனர் என்பதே. அச்செழுத்து எட்டாதவரைக் காட்சி எட்டியது. உழவு முறைகளிலோ அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. மண்ணும் மழையும் ஊருக்கு ஊர் வேறுபடுகையில், பல ஜில்லாக்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் யோசனையை அனுபவமுள்ள குடியானவன் எளிதில் ஏற்கமாட்டான். தவிரவும், நெருக்கடி நிலை பிரகடனமாகி ஆறு வாரங்கள்கூட நிறையாத வேளையில் தொடங்கிய இத்திட்டத்தில், கேட்பவர் மறுமொழி கூற இடம் குறைவு என்பதையும் மறத்தலாகாது.

ஓராண்டு முடிந்ததும் கோள் அமெரிக்கப் பணிக்குத் திரும்பியது. 1982-இல் வண்ண ஒளிபரப்பும், மறு ஆண்டில் இன்சாட்-1பி கோளும் வந்தன. 1984-இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனையை உள்ளடக்கி எடுக்கப்பட்ட ‘ஹம் லோக்’ தொடர் விளம்பரதாரரின் ஆதரவுடன் வெளிவந்தது. தொடர்கதையும் விளம்பரமும் பெருகப் பெருகப் பெட்டி பொது இடத்தை விட்டு வீட்டுக் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் கைப்பேசி அதனை ஒவ்வொருவருக்கும் தனியுடைமை ஆக்கிவிட்டது.

இப்போக்குக்கு மாறாக, சாராபாயின் கருத்தை அதிகமாகக் காப்பாற்றியது குஜராத்தின் கேடா ஜில்லாவே. பீஜ் என்னும் ஊரிலிருந்த சிறு ஒளிபரப்பி, உள்ளூர்ப் பேச்சுவழக்கில், கூலி, தீண்டாமை முதலிய விஷயங்களைக் கிராமத்தாரையே பங்குபெறச் செய்து விவாதித்தது. அம்முயற்சிக்கு 1984-இல் யுனெஸ்கோவின் கிராமியத் தொடர்புப் பரிசு கிடைத்தது.