வாவிக் கரையும் சிறு இயந்திரமும்

ஓர் இயந்திரம் ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே வரலாறு குறித்து வைக்கிறது. எந்தக் கப்பலில் வந்தது, யார் வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்பனவெல்லாம் ஏடுகளில் ஏறுகின்றன. அவ்வியந்திரம் தேய்ந்து ஓய்ந்த பின்னர் அதனைத் திறந்து, துடைத்து, குறை கண்டு, மீண்டும் ஓடச் செய்த கைகளைப் பற்றி ஏடுகள் பேசுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மோட்டார் சைக்கிளின் வரலாறு பெரும்பாலும் இந்த எழுதப்படாத பகுதியிலேயே அடங்கியிருக்கிறது. புதிய வண்டி வாராத ஆண்டுகள் அங்கே பலமுறை நேர்ந்தன. அவ்வாண்டுகளில் மக்களைச் சுமந்து சென்றது பழைய இயந்திரம். அதனைச் சாகாமற் காத்தது வீட்டு முற்றத்தில் வளர்ந்த ஒரு தொழில் அறிவு.

அவ்வறிவு அங்கே வேரூன்றியமைக்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும். மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை; வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையென்றும் படும் கரையென்றும் மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் இவை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய நெருங்கிய ஊர்கள் எழுவான்கரையில் உள்ளன. பரந்த நெல்வயல்களும் மாட்டுப் பட்டிகளும் படுவான்கரையில் உள்ளன. விளைவு ஒரு கரையிலும் சந்தை மறு கரையிலுமாக அமைந்த வாழ்க்கை அது.

கல்லடியில் லேடி மனிங் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. ஆயினும் தெற்கே மண்முனை போன்ற துறைகளில், ‘பாதை’ என்று மக்கள் அழைக்கும் மிதவைப் படகே நெடுங்காலம் வழியாய் இருந்தது. மண்முனையில் யப்பானிய உதவியுடன் அமைந்த பாலம் 2014ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. பாதையில் ஏற்றி இறக்குவதற்கும், அதன் பின் வயல் வரம்போரத்து மண் வீதியில் செலுத்துவதற்கும் ஏற்ற ஊர்தி கனமற்றதாய் இருத்தல் வேண்டும். ஒரு நெல் மூடையையோ இரண்டு பாற் பாத்திரங்களையோ தாங்கவும் வேண்டும். இத்தேவைக்குச் சிறிய மோட்டார் சைக்கிள் இயல்பாகவே பொருந்தியது.

இந்தச் சிறு இயந்திரத்தின் வம்சாவழி விந்தையானது. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939ஆம் ஆண்டில் ஆர்.டி. 125 என்னும் வண்டியை உருவாக்கிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அதன் அமைப்பு வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயிற்று. பிரித்தானியாவில் அது 1948இல் பி.எஸ்.ஏ. பான்டம் என்ற பெயரோடு வெளிவந்தது. சோவியத் நாட்டிலும், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் தொழிற்சாலையிலும் அதன் வழித்தோன்றல்கள் பிறந்தன. யப்பானில் 1955இல் யமஹா நிறுவனம் செய்த முதல் வண்டியும் அதே மரபினதே. பான்டத்தின் இயந்திரம் 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இரண்டு வீச்சில் ஒரு சுழற்சியை முடிப்பதாதலால் அதற்கு வால்வுகள் இல்லை. எரிபொருளோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு மசகாகிறது. இத்தகைய எளிய இயந்திரத்தில் மறைந்திருந்து துன்பம் தரும் உறுப்புகள் மிகச் சில.

யப்பானியரான சொயிச்சிரோ ஹொண்டாவும் அவருடைய கூட்டாளி தகெயோ புஜிசாவாவும் வேறொரு வழியை நாடினர். அவர்களுடைய சூப்பர் கப் 1958 ஆகஸ்டில் வெளிவந்தது. 49 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு வீச்சு இயந்திரம் அதற்குப் பொருத்தப்பட்டது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திய கடைப் பையன் மறு கையால் ஓட்டக் கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் இலக்கணம். அதனாற் கையால் இயக்கும் கிளச்சு அதில் இல்லை. 2017ஆம் ஆண்டில் இக்குடும்பத்து வண்டிகளின் தொகை 10 கோடியைக் கடந்தது. உலகில் வேறெந்த மோட்டார் ஊர்தியும் இத்தொகையை எட்டியதில்லை.

இவ்வண்டிகள் இலங்கைக்கு ஒரே சீராக வந்துகொண்டிருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டது. வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. 1977இன் இறுதியிற் சந்தை திறக்கப்பட்ட பின்னரே யப்பானிய வண்டிகள் பெருகி வந்தன. ஆகவே ஒருமுறை வாங்கிய வண்டி பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்க வேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயின், உள்ளதைத் தேய விடாமற் பேணுவதன்றி வேறு வழி ஏது? பேண வேண்டுமாயின் திறக்க வேண்டும்; திறக்க வேண்டுமாயின் அறிந்திருக்க வேண்டும்.

அவ்வறிவின் முதற்பாடம் தூய்மை. அனுபவமுள்ளவர் இயந்திரத்தைத் திறக்குமுன் அதன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி உலர்த்துவார். வாவிக்கரையின் மணல் மிக நுண்ணியது. ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால், செய்த வேலை முழுவதும் சில நாட்களில் வீணாகிவிடும். பின்னர் எண்ணெயை வடித்துப் பார்ப்பார். எண்ணெயில் மினுங்கும் உலோகத் துகள், உள்ளே எதுவோ அரைபடுகிறது என்பதை முன்கூட்டியே உரைக்கும். கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் கழற்றிய ஒழுங்கிலேயே விரித்த சாக்கின் மேலோ துணியின் மேலோ வைக்கப்படும். எது கடைசியாக வந்ததோ அது முதலிற் பூட்டப்படும் என்பதே இத்தொழிலின் நெடுங்கணக்கு.

தலைப்பகுதியை எடுத்ததும் கரி தெரியும். பிஸ்டனின் உச்சியிலும் வால்வுகளைச் சுற்றிலும் படிந்த கரியைக் கடினமான இரும்பாற் சுரண்டலாகாது, அலுமினியம் மிருதுவானது. ஆதலின் மரச் சிம்போ தேய்ந்த பித்தளைத் துண்டோ கொண்டு சுரண்டுவர். அடுத்தது சிலிண்டரின் உட்சுவர். பிஸ்டன் மேலேறித் திரும்பும் இடத்திலே அழுத்தமும் வெப்பமும் மிகுதி, எண்ணெயோ குறைவு. ஆகவே தேய்மானமும் அங்கேதான் மிகும். அவ்விடத்துக்குச் சற்று மேலே தேயாத ஒரு விளிம்பு எஞ்சி நிற்கும். விரல் நகத்தை மேல்நோக்கி இழுக்கையில் அது தடக்குமாயின், சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்பது பொருள். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகச் செலுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெளியை அளவுத் தகட்டால் அளப்பதும் உண்டு. ஹொண்டாவின் சிறு இயந்திரங்களிற் புதிய ரிங்குக்கு இவ்வெளி ஏறத்தாழ 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர் வரையில் இருக்கும்.

தேய்ந்த சிலிண்டரை எறிய வேண்டியதில்லை என்பதே இவ்வியந்திரங்களின் பெருஞ்சிறப்பு. சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆனது. கடைசற் பட்டறையில் அதன் துவாரத்தைச் சிறிது பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இட்டால் மீண்டும் புதிதாகிவிடும். இதற்கென்றே 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் கூடிய அளவுகளிற் பிஸ்டன்கள் செய்யப்பட்டன. ஆக்கியோனே நான்கு மறுபிறவிகளுக்கு இடம் வைத்து அனுப்பிய இயந்திரம் என்று இதனைச் சொல்லலாம். துவாரம் பெருப்பிக்கும் வேலை ஒன்றுக்கே பட்டறையின் துணை இன்றியமையாதது. ஏனையவற்றுட் பெரும்பாலானவை முற்றத்திலேயே முடிந்துவிடும்.

வால்வுகளை அரைக்கும் பசையிட்டு அவற்றின் இருக்கையிற் சுழற்றித் தேய்ப்பர். பின்னர் வாயிலில் மண்ணெண்ணெயை ஊற்றிச் சற்றே பொறுத்திருப்பர். மறுபுறம் கசியாவிடின் வால்வு நன்கு அமர்ந்துவிட்டது. கேஸ்கட் கிடைக்காதவிடத்து, தடித்த தாளை உறையின் மேல் வைத்து ஓரத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவர். உலோகத்தின் விளிம்பே தாளை அளவாக வெட்டிக் கொடுக்கும். மீண்டும் பூட்டுகையில், சுழல் சக்கரத்தில் உள்ள ‘டி’ அடையாளமும் மேற்சக்கரத்தின் வட்டக் குறியும் ஒருங்கே நேர்ப்பட வேண்டும். இல்லையேல் வால்வு திறக்கும் காலம் பிழைத்துவிடும். இறுதியாக, குளிர்ந்த இயந்திரத்தில் வால்வுக்கு 0.05 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படும். மனித மயிரின் தடிப்பளவான இந்த வெளியைத் தகட்டின் உராய்வைக் கொண்டே விரல் அறிந்துகொள்ளும்.

இந்தத் தொழிலறிவுக்குக் கடுஞ்சோதனை 1990இல் வந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு எரிபொருள், மின்கலம், உதிரிப்பாகம் முதலிய பல பொருள்களைக் கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்களும் பழைய மோட்டார் வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. கிழக்கில், படுவான்கரையின் பெரும்பகுதியும் அக்காலத்தில் இத்தகைய கட்டுப்பாட்டுக்குள் அகப்பட்டது. வாவியின் ஒரு கரையில் விலை கொடுத்து வாங்கத்தக்க பொருள், மறு கரையில் அரும்பொருளாயிற்று.

மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டுவது புதுமையன்று. பெர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒருவகை 1949 முதல் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. கரையோர மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடுவனவே. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காற்றுப் புகும் வழியிற் பீச்சி இயந்திரத்தை எழுப்புவர். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய் தன் வேலையைச் செய்யும். ஒரு மேசைக்கரண்டி பெற்றோல் ஒரு பயணத்தைத் தொடக்கி வைத்தது. நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கும் பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கூட்டிச் செல்பவருக்கும் அச்சில துளிகள் எத்துணைப் பெறுமதியுடையனவாய் இருந்திருக்கும்!

ஆனால் இதற்கு இயந்திரம் ஒரு விலை கொடுத்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும். அங்கே மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ரிங் தேயும், பெயரிங் இரையும், கரி மிகுதியாகப் படியும். பெற்றோலில் ஓடினால் ஆண்டுக்கணக்கில் திறக்கத் தேவையற்ற இயந்திரத்தை மண்ணெண்ணெய் அடிக்கடி திறக்க வைத்தது. தொழில் தெரிந்தவர் சிலருக்கே உரியதாய் இருந்த அறிவை, தேவை என்னும் ஆசிரியர் ஊர்தோறும் கற்பித்தார். 2002 ஜனவரியில் அத்தடை பெரும்பாலும் நீங்கிற்று. போன வறுமையோடு கற்ற கல்வியும் போய்விடவில்லை.

அது மீண்டும் வேண்டப்பட்டது வெகு விரைவில். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்தது. மாண்ட உயிர்களின் முன் இயந்திரத்தைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் எஞ்சியவர்கள் மறுநாள் நடமாட வேண்டியிருந்தது. கடல்நீர் புகுந்த இயந்திரத்திற் காலம் தாழ்த்தலாகாது. உப்பு, அலுமினியத்தை அரிக்கும். உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். சில நாளிற் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். இயக்கிப் பார்க்காமலே பிளக்கைக் கழற்றி, நீரையும் எண்ணெயையும் வடித்து, நன்னீராற் கழுவி, உடனே எண்ணெய் ஊற்றிக் கையாற் சுழற்றுதலே அதற்குப் பரிகாரம். இதனை அறிந்தவர் வண்டியைக் காத்தனர். அறியாதவர் பழைய இரும்பாக இழந்தனர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடன் நெருக்கடியில் வீழ்ந்தபோது எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கிற் காத்து நின்றனர். ஜூலையிற் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என அளக்கப்பட்டது. ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்தாண்டுகளில் நாடு முழுவதும் பழைய வண்டியின் மதிப்பை உணர்ந்தது. வாவிக்கரை மக்களுக்கோ அது முன்பே படித்த பாடம்.

இன்றைய புதிய வண்டிகளில் எரிபொருளை அளந்து பீச்சுவது மின்னணுப் பெட்டி. சிலிண்டர்களுட் பல, உட்சுவரிற் கடினப் பூச்சு இடப்பட்டவை. பெருப்பித்தலுக்கு இடந்தராமல் முழுதாக மாற்றப்படுபவை. அவை குறைந்த எரிபொருளில் நிறைந்த பயன் தருவன, காற்றையும் குறைவாக மாசுபடுத்துவன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், உதிரிப்பாகம் வாராத ஒரு காலம் இன்னுமொரு முறை வருமாயின் அவற்றை முற்றத்தில் விரித்த சாக்கின் மேல் வைத்துச் சீர்செய்தல் எளிதாகாது. ஒரு பொருளை உடையவன் அதனைத் திறக்கவும் அறிந்திருத்தல் முழுமையான உடைமைக்கு ஓர் இலக்கணமாகும். படுவான்கரையின் மண் வீதிகளில் ஐம்பது ஆண்டு மூத்த ஒரு வண்டி நெல்லைச் சுமந்து செல்லுமாயின், அதன் ஓசையைச் செவிமடுப்போர் யப்பானியத் தொழிற்சாலையின் திறமையை மட்டும் புகழ்தல் போதாது. நான்கு முறை திறந்து நான்கு முறை மூடிய உள்ளூர்க் கைகளுக்கும் அப்புகழிற் பாதி உரியது.