நாமும் நாங்களும்: சுலோவீன், பிலிப்பினோ மொழிகளின் வரலாறு

இரு மொழிகளை ஒப்பிடப் புகுவோர் முதலில் தேடுவது குடும்ப உறவையே. அத்தகைய உறவு சுலோவீன் மொழிக்கும் பிலிப்பினோ மொழிக்கும் இடையே சிறிதுமில்லை. முன்னது அல்ப்ஸ் மலைச்சாரலில் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வழங்கும் ஸ்லாவிய மொழி. பின்னது, நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் தீவுக்கூட்டமொன்றில், ஒஸ்திரோனேசியக் குடும்பத்துத் தகாலொக் மொழியை அடித்தளமாகக் கொண்டு எழுந்த தேசிய மொழி. எனினும், மொழியை அதைப் பேசும் மக்களின் வாழ்விலிருந்து பிரித்துப் பாராதவருக்கு இரண்டின் வரலாறும் ஒரே வினாவையே எழுப்புகின்றன. ஆள்வோர் மொழியின் கீழே கிடந்த மக்கள் மொழி எவ்வாறு தலைநிமிர்ந்தது? நிமிர்ந்தபின் அது யாருக்கு உரியதாயிற்று?

இரண்டையும் முதலில் அச்சேற்றியது சமயமே. 1550இல் புரொட்டஸ்தாந்து போதகர் பிறிமோஷ் துருபார் முதலாவது சுலோவீன் நூல்களை வெளியிட்டார். 1584இல் யூரி தல்மாத்தினின் மொழிபெயர்ப்பில் வேதாகமம் முழுவதும் வெளிவந்தது. 1593இல் மணிலாவில் ஸ்பானியத் துறவிகள் ஸ்பானியத்திலும் தகாலொக்கிலும் ஞானோபதேச நூலொன்றை அச்சிட்டனர். அதில் தகாலொக், உரோம எழுத்தோடு ‘பாய்பாயின்’ என்னும் பழைய உள்நாட்டு எழுத்திலும் இடம்பெற்றது. குடியானவனின் ஆன்மாவைத் தொட அவனுடைய மொழி வேண்டியிருந்தது. வரி விதிக்கவும் வழக்குத் தீர்க்கவும் அது வேண்டியிருக்கவில்லை. அவ்விடங்களை ஜெர்மனும் ஸ்பானியமும் விட்டகலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு மொழிகளும் தத்தம் பெருங்கவிஞரைக் கண்டன. பிரான்சிஸ்கோ பலக்தாஸ் 1838இல் வெளியிட்ட ‘புளொரன்தேயும் லவுராவும்’ என்ற தகாலொக் காவியம் தொலைதூர அல்பேனியாவில் நடப்பதாக அமைந்தது. அங்கு கண்ட கொடுங்கோன்மையில் பின்வந்த தேசியவாதிகள் தம் நாட்டின் நிலையையே கண்டனர். பிரான்ஸே பிறெஷேரன் ஜெர்மன் மொழியிலும் கவிபுனைய வல்லவர். தென் ஸ்லாவியர் அனைவருக்கும் ஒரே இலக்கிய மொழி வேண்டுமென இல்லிரிய இயக்கத்தார் அழைத்தபோதும் அவர் சுலோவீனைக் கைவிடவில்லை. ஆனால் ஹொசே ரிசால் 1887இல் வெளியிட்ட தம் முதல் நாவலை ஸ்பானியத்திலேயே எழுதினார். அந்நாவல் எவருடைய துயரைப் பேசிற்றோ, அவர்களுட் பெரும்பாலோர் அம்மொழியை அறியார். அடிமைநாட்டு அறிவாளியின் இக்கட்டு இதனினும் தெளிவாக வேறெங்கே வெளிப்படும்?

கவிஞரால் மட்டும் மொழி வாழ்ந்துவிடாது. பாடசாலையும் நீதிமன்றமும் அதற்குத் திறக்கப்படவேண்டும். 1895இல் செல்யே நகர உயர்பாடசாலையில் சுலோவீன் வகுப்புகளும் நடத்தப்படவேண்டும் என்ற விடயம் வியன்னாவில் பெரும் பூசலாகி, ஓர் அரசாங்கத்தின் வீழ்ச்சிக்கே வழிகோலியது. உழவன் மகன் தன் மொழியிலே கற்றுத் தேறினால் உத்தியோகமும் அதிகாரமும் கைமாறும் என்பதை ஆளும் வகுப்பினர் நன்குணர்ந்திருந்தனர். முதலாம் உலகப் போரின்பின் இத்தாலியின் வசமான பகுதியில், 1923 முதல் பாசிச அரசு பாடசாலைகளிலிருந்து சுலோவீனைப் படிப்படியாக அகற்றியது. 1941இல் நாசிகளும் தாம் பிடித்த பகுதியில் அவ்வாறே செய்தனர். விடுதலைப் போராளிகளோ காட்டில் மறைத்துவைத்த அச்சகங்களில் அம்மொழியை உயிரோடு வைத்திருந்தனர். 1988இல் லுப்லியானாவில் யூகோஸ்லாவிய இராணுவ நீதிமன்றம் நால்வர்மீதான வழக்கைச் சேர்போ-குரோவாசிய மொழியில் நடத்தியபோது மக்கள் வெகுண்டெழுந்தனர். மூன்றாண்டுகளில் நாடு தனியரசாயிற்று. 2004இல் அதன் மொழி ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று.

பிலிப்பைன் தீவுகளின் பாதை வேறு. ஸ்பானியர் தம் மொழியைப் பரவலாகக் கற்பிக்காமலே ஆண்டனர். அமெரிக்கரோ கற்பித்து ஆண்டனர். 1901 தொடக்கம் ஆங்கிலமே பொதுப் பாடசாலைகளின் போதனாமொழியாயிற்று. 1937இல் ஜனாதிபதி கேசோன் தகாலொக்கைத் தேசிய மொழியின் அடிப்படையாகப் பிரகடனஞ் செய்தார். செபுவானோ முதலிய மொழியினர் இதனைத் தலைநகரத்தாரின் ஆதிக்கமெனக் கண்டு குறைகூறினர். 1959இல் அம்மொழி ‘பிலிப்பினோ’ எனப் பகரத்தை முதலாகக் கொண்டு பெயர்பெற்றது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அப்பெயரின் முதலெழுத்தைத் தகாலொக்கிற் பழைமையாக இல்லாத ‘எஃப்’ ஆக ஏற்று, நாட்டின் ஏனைய மொழிகளையும் தழுவி அது வளரவேண்டுமென விதித்தது. ஓரெழுத்து மாற்றத்துக்குப் பின்னே ஒரு தேசத்தின் சமரச முயற்சி நிற்கிறது.

இங்கே இலக்கணமும் நமக்கு ஓருண்மையைப் புலப்படுத்துகிறது. சுலோவீனில் ஒருமை பன்மையோடு இருமையும் உண்டு. ‘நாமிருவர்’ என்பதற்கு ‘மித்வா’ என்று தனிச்சொல் வழங்குகிறது. பிலிப்பினோவிலோ, தமிழிற்போலவே, தன்மைப் பன்மை இருவகைப்படும். ‘தாயோ’ என்பது கேட்பவனையும் உளப்படுத்தும் ‘நாம்’. ‘கமி’ என்பது கேட்பவனை விலக்கும் ‘நாங்கள்’. தேசிய மொழியொன்று மக்களை நோக்கி இவற்றுள் எதைக் கூறுகின்றது என்பதே வரலாற்றின் உரைகல்.

இந்த உரைகல்லில் இரு நாடுகளும் முழுமையாகத் தேறிவிடவில்லை. தன் மொழியுரிமைக்காக இவ்வளவு போராடிய சுலோவீனியா, 1992இல் யூகோஸ்லாவியாவின் ஏனைய பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்ட இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை நிரந்தர வதிவாளர் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவர்களின் உரிமைகளைப் பறித்தது. அங்கே ‘நாங்கள்’ வென்றது, ‘நாம்’ தோற்றது. பிலிப்பைனில் சட்டங்களும் உயர்நீதித் தீர்ப்புகளும் இன்றும் பெரிதும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. இளஞ்சிறார் தம் தாய்மொழியிலேயே கற்கவேண்டுமென 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கட்டாயத்தையும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது.

ஒடுக்கப்பட்ட மொழி உரிமை பெறுதல் நியாயம். அவ்வுரிமையைப் பெற்ற மொழி, தன் அயலிலுள்ள சிறிய மொழிக்கும் அதே உரிமையை அளிக்கும்போதுதான் அந்நியாயம் நிறைவுறும். ஆணையால் ஒரு மொழியை அரியணை ஏற்றலாம். மக்கள் அதனை ‘நம்முடையது’ என்று சொல்ல, அவர்களின் இசைவு வேண்டும்.