பிள்ளைகள் கையில் உண்டியல்: வசூலும் கணக்கும் கற்ற கதை



நம் ஊரின் பெயர் சிலப்பதிகாரத்தில் வருகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது என்று கேட்டாலோ பெரியவர்களே சற்றுத் திகைப்பர். கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதையில் வருகிறது. சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன் தங்காலில் ஓர் அரச மரத்தடியில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாட வந்த சிறுவர்களை அழைத்து, தன்னோடு ஒத்து மறை ஓதுகிறவன் தன் மூட்டையைக் கொண்டு போகலாம் என்கிறான். வார்த்திகன் மகனான மழலை மாறாத ஒரு சிறுவன் தவறின்றி ஓதி, அணிகலன்களைப் பெற்று வீடு செல்கிறான். அந்தக் குடும்பத்தின் புதுப் பொலிவைப் பொறாத அரசு அலுவலர், புதையல் எடுத்து மறைத்தான் என்று வார்த்திகனைச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்து வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே அளித்தான்.

பிள்ளையின் கையில் நேர்வழியில் வந்த பொருள், கணக்குக் கேட்பாரின் சந்தேகத்தால் ஒரு குடும்பத்தையே சிறைவாசல் வரை கொண்டு போயிற்று. இந்தக் கதையை நாம் வெகு காலம் பழங்கதையாகவே படித்து வந்தோம். அது நம் மறைக்கல்வி வகுப்புக்கும் உரிய கதை என்பதை எப்படி அறிந்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஊர் கூடிப் பணம் சேர்ப்பதில் நம் கரிசல் பூமிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களின் நாடார் வணிகர், கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி உறவின்முறையின் பொது நிதியில் சேர்த்தனர். கோயிலும் கிணறும் சத்திரமும் அந்த நிதியில் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் அந்த வகையில் வளர்ந்ததே. மகமை ஆண்கள் கடையில் கொடுத்தது என்றால், பெண்கள் அடுப்படியில் கொடுத்தது பிடியரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பர். பள்ளியின் ஆட்கள் வந்து வாங்கிச் செல்வர். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசித்ததில்லை. அந்த அரிசியை நம்பி ஒரு பள்ளிக்கூடமே நடந்தது.

அந்தப் பள்ளியில் படித்தவர்தாம், 1903ஆம் ஆண்டு ஜூலை 15இல் பிறந்த காமராசர். அவரது பள்ளிப் பருவத்தைப் பற்றி இப்பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. விநாயகர் சதுர்த்தியன்று மாணவர் எல்லாரும் சமமாகக் காசு போட்டுப் பூசை நடத்தினர். பிரசாதம் வழங்கும்போது பிள்ளைகள் முண்டியடித்து அள்ளிக்கொள்ள, சிறுவன் காமராசர் ஒதுங்கி நின்று கிடைத்த கொஞ்சத்தோடு வீடு திரும்பினார். உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று வீட்டில் கேட்டபோது, எல்லாரும் ஒரே அளவு காசுதானே கொடுத்தோம், ஒரே அளவாகப் பங்கிடுவது வாத்தியார் வேலையல்லவா என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். இதை அவரது பொறுமைக்குச் சான்றாகவே எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நமக்கு அது வேறு விதமாகவும் படுகிறது. காசு போட்ட பிள்ளைக்கு, அந்தக் காசு எப்படிச் செலவாயிற்று என்று கேட்கும் உரிமை உண்டு என்பதை அந்தச் சிறுவன் அன்றே அறிந்திருக்கிறான்.

தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்ட அந்தச் சிறுவர்தாம் பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடந்ததாக இன்று பலரும் எண்ணுகின்றனர். ஆரம்பத்தில் ஊராரே உணவுக் குழு அமைத்து நடத்தினர். பின்னர் அரசு உதவி வந்தபோது, ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 பைசா, ஊரார் 4 பைசா என்று கணக்கு வகுக்கப்பட்டது. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு கடம்பத்தூரில் கூடியது. மேசை, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், சீருடைத் துணி, கட்டடம் என்று ஊர் மக்கள் பொருளாகவும் பணமாகவும் கொண்டுவந்து குவித்தனர். பிடியரிசிப் பானையே மாநிலமளவு பெரிதாயிற்று என்றால் மிகையாகாது.

ஆனால் இவை அனைத்திலும் பெரியவர் கூடினர், பெரியவர் முடிவு செய்தனர், பெரியவர் கணக்கு வைத்தனர். பிள்ளைகளுக்கு வந்த வேலை உண்டியல் தூக்குவதுதான். டிசம்பர் 7இல் கொடிநாள் வசூல் என்று 1949 முதல் நாடெங்கும் நடக்கிறது. வகுப்பில் தகர உண்டியல் சுற்றும். காசநோய் ஒழிப்புக்கான வில்லைத் தாளை வாத்தியார் கையில் கொடுத்து விற்று வரச் சொல்வார். 1904இல் டென்மார்க் நாட்டுத் தபால் ஊழியர் ஐனார் ஹோல்பல் தொடங்கி வைத்த அந்த நல்ல வழக்கம் நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, பாதித் தாளை வீட்டில் அப்பா வாங்கிக்கொண்டு காசு கொடுத்து அனுப்புவதாக முடிந்தது. எதற்குச் சேர்க்கிறோம், எங்கே போகிறது என்று பிள்ளை கேட்டதுமில்லை, நாம் சொன்னதுமில்லை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 1970களில் பள்ளிகளில் வந்த சஞ்சாயிகா சேமிப்பு வங்கியில் மாணவனே மேலாளர், மாணவனே காசாளர். ஆசிரியர் அருகில் நின்று பார்ப்பதோடு சரி.

நம் திருச்சபையில் பிள்ளைகளின் கொடைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரில், 1799இல் பிறந்த பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண், பட்டாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். வாரம் ஒரு சல்லிக் காசு. பத்துப் பேருக்கு ஒரு தலைவி, பத்துத் தலைவியருக்கு மேல் ஒருவர், அவர்களுக்கும் மேல் ஒருவர். அந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்தே 1822இல் விசுவாசப் பரப்புதல் சபை பிறந்தது. நான்சி நகர் ஆயர் ஃபோர்பின் ஜான்சன், பவுலினோடு கலந்து பேசிய பின், 1843இல் திருப்பாலர் சபையைத் தொடங்கினார். சிறுவர் நாளுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி, மாதம் ஒரு காசு கொடுத்துப் பிற நாட்டுச் சிறுவரைக் காப்பது அதன் ஏற்பாடு.

பவுலினின் வாழ்வில் இதற்குப் பின் நடந்ததையும் நாம் மறைக்கலாகாது. தொழிலாளருக்கென்று ஒரு நல்ல ஊரும் ஆலையும் அமைக்க விரும்பி, பெரும் பணத்தை நம்பகமானவர் என்று எண்ணிய சிலரிடம் ஒப்படைத்தார். அவர்கள் ஏமாற்றினர். காசு காசாகச் சேர்க்கும் வழியை உலகுக்குக் காட்டிய அப்பெண்மணி, கடனாளியாகி, வறுமையிலேயே 1862இல் இறந்தார். 2022 மே மாதம் லியோனில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. சேர்ப்பது ஒரு கலை, காப்பது வேறொரு கலை என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

பட்டாலைப் பெண்களின் சல்லிக் காசு என்றவுடன் நமக்கு நம் வீட்டுப் பிள்ளைகளின் நினைவு வராமற் போகாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பின், இந்த வறண்ட சீமைக்கு அடுப்பெரிந்தது. ஆனால் நெடுங்காலம், விடியுமுன் பஸ் ஏறிப் போய்க் கட்டை அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் கூலி வாங்கிய கைகளில் பல, பள்ளிக்கு வர வேண்டிய கைகள். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. அந்த நாட்களில் ஞாயிறு வகுப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று நாம் வசூல் விதித்தபோது, சில பிள்ளைகள் கொடுத்த காசு அப்பாவிடம் கேட்டு வாங்கிய காசு அல்ல, குரோஸ் கணக்கில் உழைத்த காசு. அதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருந்தால் அந்த விதியை வைத்திருக்க மாட்டோம்.

இனி நம் சொந்தத் தவற்றைச் சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்புக் காலத்தில், பிள்ளைகளிடம் உண்டியல் கொடுத்துத் தெருத் தெருவாக அனுப்பினோம். திரும்பி வந்து எண்ணியபோது ஒரு டப்பாவில் மட்டும், தெருவார் கொடுத்ததாகச் சொன்னதை விடத் தொகை குறைந்தது. அதைத் தூக்கிய சிறுமிக்கு வயது பதினொன்று இருக்கும். நாம் அவளைத் திட்டவில்லை. ஆனால் எல்லார் முன்னிலையிலும் இரண்டு முறை கேட்டோம். அது போதாதா? அவள் பதில் சொல்லாமல் நின்றாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தபசு காலம் தொடங்கிய பின்னரே உண்மை தெரிந்தது. வாத்தியக்காரருக்கு அவசரமாகக் கொடுக்க வேண்டி, நம்மில் ஒரு பெரியவர் அந்த டப்பாவிலிருந்து நோட்டுகளை எடுத்திருக்கிறார். எழுதி வைக்க மறந்துவிட்டார். நாம் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் தாய் காப்பி கொடுத்து உபசரித்தார். சிறுமி கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். வீடு திரும்பும் வழியில், நம்மோடு வந்த தமிழாசிரியர்தாம் வார்த்திகன் கதையை நினைவூட்டினார்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். உண்டியலைப் பிள்ளைகளிடம் கொடுப்பதானால் கணக்கையும் அவர்களிடமே கொடுப்பது, கணக்கைக் கொடுப்பதானால் முடிவையும் அவர்களிடமே விடுவது என்று தீர்மானித்தோம். எழுதும்போது எளிதாக இருக்கிறது. நடத்தும்போது எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது நடத்தியவர்க்கே தெரியும்.

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் சொன்ன முதல் யோசனை பட்டாசு விற்பது! நம் ஊர்ப் பிள்ளைகள் வேறெதைச் சொல்வார்கள்? உரிமம் இல்லாமல் பட்டாசு விற்கலாகாது, பிள்ளைகள் கையாளவே கூடாது என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த யோசனை குலுக்கல் சீட்டு. அது சூதின் தம்பி, தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை இருக்கிறது என்றோம். ஓரிருவர் முகம் வாடிற்று. பிறகு ஒரு சிறுவன், அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் தாளைக் கேட்டு வாங்கிக் குறிப்பு நோட்டு தைக்கலாமே என்றான். சிவகாசி அச்சகங்களில் கழிவுத் தாளுக்கும் எடை விலை உண்டு என்று அப்போதுதான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். இரண்டு அச்சகத்தார் இலவசமாகவே கொடுத்தனர். மூன்றாமவர் பாதி விலை கேட்டார். மூன்றாமவரிடம் வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளே விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்தனர். நாம் வாங்கியிருப்போம். தலையிடாமல் இருப்பதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எதற்காகச் சேர்ப்பது என்பதிலும் அவர்கள் நம்மை முந்தினர். நாம் பீடத்துக்குப் புது விளக்கு வாங்கலாம் என்று மனத்தில் வைத்திருந்தோம். அவர்கள், ஆலை விபத்தில் தீக்காயம்பட்ட ஒருவரின் மகனுக்குப் பள்ளிச் செலவு என்றார்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தை மறந்தவர் இப்பகுதியில் எவருமில்லை. பிள்ளைகளோ அதை வகுப்பில் வெறுமையாகிப்போன பெஞ்சாக அறிவார்கள். அந்தச் சிறுவனின் பெயரை அறிவிப்பில் சொல்லக் கூடாது என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனையே. யாரும் வீட்டிலிருந்து காசு கொண்டுவர வேண்டியதில்லை, உழைப்பு மட்டும் போதும் என்பது நாம் போட்ட ஒரே நிபந்தனை.

கெபித் திருவிழாவன்று பந்தலின் ஓரத்தில் கடை போட்டனர். நோட்டோடு சுண்டலும் பனங்கிழங்கும் சேர்ந்துகொண்டன. இருவர் பணம் வாங்க, ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க என்று முறை வைத்தனர். முதல், செலவு, மிச்சம் என்று மூன்று பத்தி. சுண்டல் கொஞ்சம் மிஞ்சிப் போயிற்று. அதை நட்டத்தில் எழுதுவதா, பந்தல் வேலைக்காரருக்குக் கொடுத்த தானத்தில் எழுதுவதா என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. நற்செய்தியில் ஐந்து அப்பம் கொடுத்த சிறுவனின் பெயரை எழுதாமல் விட்டவர்களும், மிஞ்சியது பன்னிரண்டு கூடை என்று எண்ணி எழுதியிருக்கிறார்களே என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டு இடத்திலும் எழுதுங்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் கணக்கைக் கோயில் முற்றத்தில் உரக்க வாசித்தார்கள். தாளைக் கதவருகே ஒட்டினார்கள். எல்லாரும் கைதட்டினர். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, நூல் வாங்கியது நாற்பது ரூபாய் என்றீர்களே, எங்கே வாங்கினீர்கள், முப்பதுக்குக் கிடைக்குமே என்று கேட்டார். சிலர் சிரித்தனர். வாசித்துக்கொண்டிருந்த பையன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டை எடுத்துப் படி இறங்கி, அதைப் பாட்டியின் கையிலேயே கொடுத்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை முழுவதும் படித்து முடிக்கும் வரை அருகிலேயே நின்றான்.