கோட்டையும் திண்ணையும்: தரங்கம்பாடியில் கட்டடக் காப்பு

பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. ஊரின் கிழக்கு விளிம்பில், அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிற குலசேகரப்பட்டினம் என்று குறிக்கிறது. கோயிலுக்குச் சற்றுத் தெற்கே டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. அதிலிருந்து மேற்கே செல்லும் கிங்ஸ் தெருவில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. தெருக்கோடியில் நில வாயில் என்னும் பழைய நுழைவாயில். இவற்றுக்கு இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் ஓடு வேய்ந்து, திண்ணை வைத்து, மரத்தூண் நிறுத்திய தமிழ் வீடுகள். கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊருக்குள் ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கட்டடக்கலை அடங்கியிருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் இங்கே நடந்த சீரமைப்புப் பணிகளைக் காவிரிப் படுகையின் மற்ற ஊர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். இங்கே சரியாகச் செய்யப்பட்டவற்றிலும் பாடம் இருக்கிறது, செய்யாமல் விடப்பட்டவற்றிலும் பாடம் இருக்கிறது.

1620-இல் ஓவே கெடே என்னும் இளம் கப்பற்படைத் தலைவர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் இங்கு வந்து, தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டை எழுந்தது; மிளகும் துணியும் கப்பலேறின. 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அச்சுத் தாளுக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் நடந்தது. 1845-இல் டேனியர் தங்கள் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். அதன்பின் சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கேயே இருந்தது. 1860-இல் அதுவும் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் வணிகம் முழுவதும் அங்கே நகர்ந்துவிட்டது.

இடித்துக் கட்டப் பணம் இல்லாததால்தான் இந்த ஊர் பிழைத்தது. வளர்ந்த துறைமுகங்களில் பழைய கிடங்குகளும் வீடுகளும் ஒவ்வொன்றாக மறைந்தபோது, தரங்கம்பாடி வறுமையோடு அப்படியே நின்றது. 1733-இல் டேனியத் தளபதி டிரெல்லுண்டு வரைந்த ஊர் வரைபடத்தை இன்றைய தெருக்களோடு ஒப்பிட்டால், தெரு அமைப்பு பெரும்பாலும் மாறாமல் இருப்பது தெரியும். ஆளுநராயிருந்த பீட்டர் ஆங்கர் தீட்டிய ஓவியங்கள் நார்வேயில் உள்ளன. ஒரு தூணின் வடிவமோ கைப்பிடிச் சுவரின் உயரமோ ஐயத்துக்குரியதானால் எடுத்துப் பார்க்க இத்தகைய சான்றுகள் இவ்வூருக்கு இருப்பது பெரும்பேறு. தமிழ்நாட்டின் பெரும்பாலான பழைய ஊர்களுக்கு இவ்வளவு பழைய வரைபடம் கிடையாது. அங்கெல்லாம் ஒவ்வொரு வீட்டையும் இப்போதே அளந்து வரைந்து வைத்தால்தான் நாளைக்குச் சான்று என்று ஒன்று இருக்கும்.

இனி இந்தக் கட்டடங்களின் உடலைப் பார்ப்போம். கோட்டையானாலும் திண்ணை வீடானாலும் அடிப்படைப் பொருள் செங்கல்லும் சுண்ணாம்புமே. கடலோரத்தில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்துக் காரையாக்குவார்கள். அரைத்த சாந்தை உடனே பயன்படுத்துவதில்லை. ஈரம் காயாமல் புளிக்க வைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேரும்போது சாந்துக்குப் பிடிப்பு கூடுகிறது, வெடிப்புக் குறைகிறது. கடைசிப் பூச்சுக்குச் சலித்தெடுத்த நயமான சுண்ணாம்பை அம்மியில் அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் பலமுறை தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்படிப் பூசிய சுவர் பளிங்குபோல் மின்னும். கை வைத்தால் கோடையிலும் குளிரும்.

மேல்தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைக்காமலே ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காய் நீர் தெளித்துக்கொண்டே மரக் கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடி அடித்த தளம் அது. மேலே தட்டோடு பதித்தால் தலைமுறைக்கு ஒழுகாது.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெளியே விடவும் செய்யும். கடலோர மண்ணில் உப்பு உண்டு. அடித்தளத்தின் வழியே ஓதம் ஏறும்போது உப்பும் சேர்ந்து ஏறுகிறது. பூச்சு சுண்ணாம்பாக இருந்தால் நீர் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும், உப்பு மேற்பரப்பில் பூத்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். இதே சுவருக்குச் சிமெண்டு பூசினால் நீர் வெளியேற வழியில்லை. அது மேலும் மேலும் உயரே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் உட்புறத்தைப் பொடியாக்குகிறது. வெளியே பார்க்கச் சுவர் உறுதியாகத்தான் தெரியும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது, அதோடு செங்கல்லும் மாவாகக் கொட்டும். சிமெண்டுக்கு மேல் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்துவிட்டால் கேடு இரட்டிப்பு. பழைய தளத்தை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டாலும் இதே கதிதான். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கொன்ற கதை தமிழ்நாட்டில் கோயில், அரண்மனை, பள்ளிக்கூடம் எங்கும் உண்டு. சீரமைப்புத் துறையில் இருப்பவர்கள் முதலில் செய்கிற வேலை, முந்தைய சீரமைப்பாளர் பூசிய சிமெண்டைக் கொத்தி எடுப்பதாகவே பல இடங்களில் இருக்கிறது.

டேன்ஸ்போர்க் கோட்டை நீண்ட காலம் பயணியர் விடுதியாக இருந்து, பின் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்து அருங்காட்சியகம் ஆனது. 2001-இல் டேனிய ஆர்வலர்களின் துணையோடு பெரிய அளவில் சீரமைப்பு நடந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி மீனவக் குடும்பங்களைச் சிதைத்தது. அதன்பின் நிவாரணமும் மறுவாழ்வும் முதன்மையாயின. கட்டடக் காப்புப் பணிகளும் அந்த ஆண்டுகளில்தான் வேகம் பெற்றன. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், மரபுக் காப்பு அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை, டேனிய அறக்கட்டளைகள், மாநில அரசு ஆகியவை ஒரே ஊரில் சேர்ந்து உழைத்தன. கோட்டைக்கு எதிரே ஆளுநர் மாளிகை உப்பு அலுவலகமாகவும் கிடங்காகவும் இருந்து பாழாகிக் கிடந்தது. அதன் நீண்ட தூண் தாழ்வாரம் சுண்ணாம்பு வேலையிலேயே மீட்கப்பட்டது. கடற்கரையோரம் இருந்த பழைய கலெக்டர் பங்களா தங்கும் விடுதியாயிற்று. சீகன்பால்கு வாழ்ந்த இடம் ஜெர்மனியின் ஹாலே நகர அறக்கட்டளையின் முயற்சியால் அருங்காட்சியகமாயிற்று.

இவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது, இன்டாக் அமைப்பினர் கோல்ட்ஸ்மித் தெருவில் செய்த வேலை. அது ஆளுநர்கள் வாழ்ந்த தெருவன்று. எளிய தமிழ்க் குடும்பங்களின் தெரு. அங்கே சிதைந்துகிடந்த சிறு வீடுகளை எடுத்து, திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையும் பழைய முறையிலேயே மீளக் கட்டினார்கள். கைவினைப் பணிக்கும் தங்குவதற்கும் அவை பயன்பட்டன. அரண்மனையைக் காப்பதற்கு அரசும் புரவலரும் முன்வருவது இயல்பு. இரண்டு பத்தி அகலமுள்ள ஓட்டு வீடும் காக்கத் தக்கதே என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். தெருவின் அழகு ஒரு வீட்டால் வருவதில்லை. திண்ணைகள் ஒரே மட்டத்தில் தொடர்ந்து வருவதாலும், கூரைகள் ஒரே உயரத்தில் சரிவதாலும் வருகிறது. நடுவில் ஒரு வீடு இடிக்கப்பட்டு மூன்று மாடி எழுந்தால், மீதி அத்தனையும் நின்றாலும் தெரு போய்விட்டது.

மாசிலாமணிநாதர் கோயிலின் நிலை வேறு வகையான சிக்கல். கடல் பல தலைமுறைகளாகக் கரையை அரித்து, கோயிலின் முன்பகுதியைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது சிதைந்த கருவறைப் பகுதியும் சாய்ந்த சுவர்களும். பின்னர் திருப்பணி நடந்து இன்று புதிய வண்ண விமானத்தோடு நிற்கிறது. இதைக் கண்டு வரலாற்று ஆர்வலர்கள் வருந்தியதுண்டு. அந்த வருத்தம் நியாயமானது. பாண்டியர் காலச் செங்கற்சுவர் ஒருமுறை போனால் போனதுதான். ஆயினும் பக்தர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வழிபாடு நடக்கும் கோயிலில் பின்னமான விமானத்தின் கீழ் இறைவனை வைத்திருக்க அவர்கள் மனம் ஒப்பாது. பழுதை நீக்கிக் குடமுழுக்குச் செய்வதே நம் மரபு. இன்டாக் 2004-இல் வெளியிட்ட சாசனம் இந்த இடத்தில் துணை நிற்கிறது. சட்டப் பாதுகாப்பு இல்லாத கட்டடங்களையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஸ்தபதிகளும் மரபுக் கொத்தனார்களும் தம் முறைப்படி புதுப்பித்துக் கட்டும் வழக்கத்தையும் அது மதிக்கிறது. எனவே திருப்பணி கூடாது என்பது என் வாதமில்லை. திருப்பணிக்கு முன் ஒவ்வொரு கல்லையும் எழுத்தையும் அளந்து, படமெடுத்து, மைப்படி எடுத்து வைக்க வேண்டும்; கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாறக்கூடாது; மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்யக்கூடாது; சுதை வேலையில் சிமெண்டு நுழையக்கூடாது. இந்த நான்கையும் காத்தால் பக்தியும் வரலாறும் மோத வேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கம் வந்தால், மத்திய அரசுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இரண்டும் அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கே. கோட்டை அதில் அடங்கும், குடும்பச் சொத்தான திண்ணை வீடு அடங்காது. தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் எத்தனை வீடுகள் போயினவோ!

வீட்டை இடிக்கும் உரிமையாளரைக் குறைகூறுவது எளிது. அவர் நிலையில் நின்று பார்த்தால் வேறுவிதமாகத் தோன்றும். பாகப் பிரிவினையில் ஐந்தாறு பேருக்குச் சேர வேண்டிய வீடு, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. நாட்டு ஓடு கிடைப்பதில்லை; கிடைத்தாலும் ஓடு மாற்றத் தெரிந்தவர் இல்லை. சுண்ணாம்பு அரைத்து வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் கொத்தனார் கேட்கிற நாளும் கூலியும் சிமெண்டு வேலையைவிடக் கூடுதல். வங்கிக் கடனோ புது வீடு கட்டத்தான் எளிதில் கிடைக்கிறது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் பாட்டன் வீட்டைக் காக்கிறார் என்றால், அவர் இந்த ஊருக்குச் செய்வது பொதுத் தொண்டு. அந்தத் தொண்டுக்கு நாம் ஒரு காசும் திருப்பிக் கொடுப்பதில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த பணிகளுக்கு நன்றி சொல்லும் அதே வேளையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திட்டம் முடிந்ததும் பணம் நின்றுவிடும். உப்புக் காற்று நிற்பதில்லை. சீரமைத்த கட்டடத்துக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் வடிகால் குழாய் அடைப்பெடுக்க வேண்டும், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்க வேண்டும், உதிர்ந்த பூச்சுக்கு ஒட்டுப் போட வேண்டும். இவை சிறு வேலைகள். செய்யாமல் பத்தாண்டு விட்டால் மறுபடியும் பெரும் சீரமைப்பு. அதற்கு உள்ளூரிலேயே சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார் குழு நிரந்தரமாக இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு ஆண்டு முழுவதும் வேலையும் நியாயமான கூலியும் இருக்க வேண்டும். கோட்டை, மாளிகை, ஆலயங்கள், பள்ளிகள், வீடுகள் அத்தனையும் ஒரே குழுவின் பராமரிப்பில் வந்தால் இது முடியாத காரியமன்று.

இதைப் படிக்கும் மயிலாடுதுறை, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டத்தாரை வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் பழைய வீடோ சத்திரமோ பள்ளியோ பழுதுக்கு வரும்போது, சிமெண்டு மூட்டை இறங்குவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் அளந்து, படமெடுத்து, ஒரு படியை ஊர் நூலகத்தில் வையுங்கள். மரபு வீட்டைக் காப்பவருக்குச் சொத்து வரியில் சலுகையும், ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் சிறு மானியமும் தரும்படி உங்கள் பேரூராட்சி உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். தரங்கம்பாடியின் தெருவோர வீடுகளுக்கு முதலில் அது கிடைக்கட்டும்.