சாதனக் கோப்பு: பெயரும் அனுமதியும்

யுனிக்ஸில் எல்லாமே கோப்பு என்ற வாசகத்தைச் சாதனங்களின் ஒருமைப் பிரகடனமாகவே படித்துவரும் ஆய்வுமரபு ஒன்று உண்டு. வட்டும் முனையமும் அச்சுப்பொறியும் படித்தல், எழுதுதல் என்ற இரண்டு அழைப்புகளுக்குள் அடங்கின என்றும், 1979இன் ஏழாம் பதிப்பில் வந்த, சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஐஓசிடிஎல் அழைப்பு அந்தத் தூய்மையைக் கெடுத்தது என்றும் அம்மரபு சொல்கிறது. மூல ஆவணங்கள் இந்த வரலாற்றுக்கு இடம்கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பணிசெயல் முறைமை சாதனத்தைக் கோப்பு முறைமைக்குள் கொண்டுவந்தபோது அதற்குக் கொடுத்தவை ஒரு பெயரும் ஓர் அனுமதி விதியுமே. சாதனத்தின் நடத்தை அன்றும் கோப்புக்கு வெளியேதான் நின்றது.

பெல் ஆய்வுகூடத்தின் றிச்சியும் தொம்சனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையே இங்கு முதன்மைச் சான்று. சாதனங்களைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகளால் கிடைக்கும் நன்மைகளென அவர்கள் மூன்றைச் சொல்கிறார்கள். கோப்புக்கும் சாதனத்துக்குமான உள்ளீடு வெளியீடு இயன்றவரை ஒத்திருக்கும் என்பது முதலாவது. இரண்டுக்கும் பெயர் ஒரே இலக்கணத்தில் அமைவதால், கோப்பின் பெயரை எதிர்பார்க்கும் நிரலுக்குச் சாதனத்தின் பெயரைக் கொடுத்துவிடலாம் என்பது இரண்டாவது. சாதாரணக் கோப்புக்குரிய அதே பாதுகாப்பு முறை சாதனத்துக்கும் பொருந்தும் என்பது மூன்றாவது. முதலாவதில் மட்டும் ‘இயன்றவரை’ என்ற வரம்பு இருக்கிறது. பெயரையும் பாதுகாப்பையும் பற்றிய கூற்றுகளில் அப்படி எந்த வரம்பும் இல்லை. ஒரு சொல்லின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். அதனால்தான் 1971இன் முதற்பதிப்புக் கைநூலையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். அதில் 40 வரையான கோப்பு எண்கள் சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்டு, வேர் அடைவு 41இல் தொடங்குகிறது. முனையத்தின் நிலைகளை மாற்றவும் அறியவும் எஸ்டிடிஒய், ஜிடிடிஒய் என இரண்டு தனி அழைப்புகள் அதே கைநூலில் இருக்கின்றன. ஆக, ஐஓசிடிஎல் எதையும் கெடுக்கவில்லை. எட்டு ஆண்டுகளாக முனையத்துக்கு மட்டும் இருந்த வழியைப் பிற சாதனங்களுக்கும் பொதுவாக்கியது.

இன்றைய லினக்ஸிலும் இதைக் கண்ணால் காணலாம். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து தொடர்நிலைத் துறைவழி அனுப்பும் உணரி ஒன்றை யூஎஸ்பி மாற்றியால் கணினியில் இணைப்பதாகக் கொள்வோம். சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவில் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயர் தோன்றும். அடைவை விரித்துப் பட்டியலிட்டால், கோப்பின் அளவு இருக்கவேண்டிய இடத்தில் ‘188, 0’ என்ற இரண்டு எண்கள் நிற்கும்: முதலாவது எந்தச் செலுத்தி, இரண்டாவது அதன்கீழ் எத்தனையாவது சாதனம். அளவே இல்லாத இந்தக் கோப்புக்கு உரிமையாளரும் குழுவும் அனுமதிகளும் மட்டும் குறையில்லாமல் இருக்கின்றன. காணி உறுதி போன்றது இது. எந்தக் காணி, யாருக்கு உரியது என்று உறுதி சொல்லும். அந்த மண்ணை எப்படி உழுவது என்று சொல்லாது. உணரி நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்ப, துறை வேறு வேகத்தில் இருந்தால் வருவது குப்பைதான். எத்தனை தடவை படித்தாலும் எழுதினாலும் அது சீராகாது. வேகத்தை மாற்ற ஐஓசிடிஎல்லிடமே போகவேண்டும்.

பெல் ஆய்வுகூடத்திலேயே பின்னர் உருவான பிளான் 9 என்ற பணிசெயல் முறைமை இதற்கு மறுப்பாகக் காட்டப்படுவதுண்டு. அங்கே தொடர்நிலைத் துறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு இருக்கும். அதில் ‘பி9600’ என்று எழுதினால் வேகம் மாறிவிடும். அழகான தீர்வுதான். ஆனால் அந்தச் சொல் தொடர்நிலைத் துறைக்கு மட்டுமே விளங்கும். தனி அழைப்பு எழுத்துவடிவம் பெற்றதே தவிர, சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும் மொழி மறையவில்லை. வெற்றுச் சாதனமான டெவ்நல் முழுமையாகக் கோப்பாகவே நடக்கிறதே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அதன் பின்னால் வன்பொருளே கிடையாது.

வலையமைப்பு அட்டையே என் வாசிப்புக்கு மிக வலுவான சான்று. லினக்ஸில் ஈதர்நெட் இடைமுகத்துக்குப் பெயர் உண்டு, ஆனால் டெவ் அடைவில் அதற்கு இடமில்லை. அதனூடாகத் தரவு தாராளமாகப் போய்வருகிறது. படிப்பதும் எழுதுவதும் சொக்கெட் வழியே நடக்கின்றன. இல்லாமற்போனது அனுமதிதான். ஒரு குறிப்பிட்ட இடைமுகத்தை மட்டும் நிர்வகிக்க ஒரு பயனர் குழுவுக்கு உரிமை கொடுக்க, கோப்பு அனுமதிபோல எளிய வழி ஒன்றும் அங்கில்லை. வலையமைப்பு நிர்வாகம் முழுவதற்குமான சிறப்புரிமையைத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. 2003இல் வந்த யூடெவ் என்ற லினக்ஸ் கருவி இதன் மறுபக்கம். இரண்டு உணரிகளை இணைக்கும்போது எது 0, எது 1 என்பது அவை கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது. யூடெவ் அந்தப் பெயர்களை நிலைப்படுத்தி, அவற்றின் உரிமையாளரையும் குழுவையும் விதிப்படி வகுக்கிறது. துறையின் வேகத்தை அது தொடுவதில்லை.