கடனைக் கழித்தால் என்ன ஆகும்?

இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதலில் தடுமாறும் கணக்கு ஒன்று உண்டு: 2 − (−3) = 5. கழிக்கச் சொன்னால் எப்படிக் கூடுகிறது?

628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலில் இதற்கு விதி வகுத்தார். நேர் எண்ணைத் தனம் என்றார். எதிர் எண்ணை ருணம், அதாவது கடன், என்றார். சூன்யத்திலிருந்து கடனைக் கழித்தால் அது செல்வமாகும் என்றார். இங்கிலாந்திலோ 1758இல்கூட மசேரஸ் என்னும் கணித அறிஞர் எதிர் எண்களே வேண்டாம் என்று வாதாடினார்!

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கையில் 5 வெள்ளி, கடைப்பற்று 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான இருப்பு 2. கடைக்காரர் மனமிரங்கிப் பற்றை அடித்துவிடுகிறார் (அப்படிப்பட்டவர் கிடைப்பது அரிது). கடன் கழிந்தது, இருப்பு 5. யாரும் காசு கொடுக்கவில்லை, ஆனாலும் கூடிவிட்டது.

மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்த முறையில் வந்த நம் முன்னோருக்குக் கப்பல் செலவே கடன். அது கூலியில் பிடிக்கப்பட்டது. கரையிறங்கிய அன்றே கணக்கு சூன்யத்துக்குக் கீழே. அந்தக் கடன் 20 வெள்ளி என்றால், −20 − (−20) = 0. மாதக்கணக்கில் உழைத்து அவர்கள் எட்டியது அந்தச் சூன்யத்தைத்தான்.