வாரம் ஒரு கேள்வித்தாள்



"ஒரே பாடத்தை வருடாவருடம் நடத்துகிறீர்களே, அலுக்கவில்லையா சார்?" உங்களில் பலர் கேட்ட கேள்வி இது. ஒரே நூலை வருடாவருடம் வாசிக்கும் ஒரு சமூகத்தைப் பற்றியும், அதில் வந்த ஓர் ஆசிரியையைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

யூதர்களின் வேதம் தோரா. நம் கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டில் இருக்கும் பைபிளின் முதல் ஐந்து ஆகமங்கள்தான் அது. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயத்தில் கையால் எழுதிய சுருளிலிருந்து வாசிக்கிறார்கள். ஓராண்டில் முடிந்துவிடும். முடிக்கும் நாளே ஒரு பண்டிகை. அன்றைக்கே மறுபடியும் ஆதியாகமத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுவார்கள். பழங்காலப் பாலஸ்தீனத்தில் இதே நூலை ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வாசித்தார்கள். பாபிலோனிய யூதர்களின் ஓராண்டு முறைதான் பின்னாளில் நிலைத்தது.

வாசிப்பதோடு விடுவதில்லை. அந்த வாரப் பகுதி குடும்பத்துக்கு, தொழிலுக்கு, அக்கம்பக்கத்தாரோடு பழகுவதற்கு என்ன சொல்கிறது என்று ஜெப ஆலயத்திலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பேசுவார்கள். இப்படிப் பேசுபவர் பெரும்பாலும் நீதியைத் தாமே சொல்லி முடித்துவிடுவார். நெஹாமா லீபோவிட்ஸ் என்ற ஆசிரியை அப்படிச் செய்யவில்லை.

அவர் 1905இல் ரீகா நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, 1930இல் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். அவரிடம் படித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்கள் சிலர், தொடர்ந்து படிக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். 1942இல் வாரப் பகுதியைப் பற்றிய கேள்வித்தாள்களை அனுப்பத் தொடங்கினார். கேள்விகள் மட்டும்தான், விடை கிடையாது. விவசாயிகள், படைவீரர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் விடை எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் இது நடந்தது.

அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றைச் சொல்கிறேன். யாத்திராகமத்தின் தொடக்கத்தில், எபிரெயரின் ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும்படி பார்வோன் இரண்டு மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற அந்த இருவரும் கொல்லவில்லை. அவர்கள் யார்? 'எபிரெய மருத்துவச்சிகள்' என்றால் எபிரெயப் பெண்களா, எபிரெயருக்குப் பிரசவம் பார்த்த எகிப்தியப் பெண்களா? தமிழிலும் அந்தச் சொற்றொடருக்கு இரண்டு பொருளும் வரும், பாருங்கள்.

பிரான்சு நாட்டில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, அவர்கள் மோசேயின் தாயும் தமக்கையும் என்றார். 1492இல் ஸ்பெயின் அரசு யூதர்களை விரட்டியபோது அவர்களோடு வெளியேறிய அபர்பனேல், அவர்கள் எகிப்தியரே என்றார். சொந்த இனத்துக் குழந்தைகளைக் கொல்லும் வேலையை அந்த இனத்துப் பெண்களிடமே ஒரு மன்னன் நம்பி ஒப்படைப்பானா என்பது அவர் வாதம்.

நெஹாமா இரு உரைகளையும் அருகருகே வைத்தார். மருத்துவச்சிகள் எகிப்தியர் என்றால், கொடுமை செய்யும் நாட்டுக்குள்ளேயே மறுத்து நின்றவர்கள் இருந்தார்கள் என்று ஆகிறது. மேலிடத்து உத்தரவு என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. ஒரு நாடு தீமையில் இறங்கினாலும், அதிலுள்ள ஒவ்வொருவரின் பொறுப்பும் அவரவருடையதே. ஐரோப்பாவில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட காலத்தைக் கண்ட தலைமுறைக்கு இது வெறும் இலக்கணக் கேள்வியாக இருந்திருக்காது. ஒரு சொல்லை நின்று வாசித்ததால் கிடைத்த பாடம் இது.

அலுவலகத்தில், காவல் நிலையத்தில், பள்ளிக்கூடத்தில் "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்று நாம் எத்தனை முறை கேட்கிறோம்! உங்களில் பலர் இன்று அதிகாரிகள். உங்கள் மேசைக்கும் ஒருநாள் அப்படியொரு உத்தரவு வரலாம். அன்றைக்கு அந்த மருத்துவச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெஹாமா 1997இல் காலமானார். பேராசிரியர் பதவி வகித்தவர், 1956இல் இஸ்ரேல் பரிசு பெற்றவர். ஆனால் கல்லறையில் அவருடைய பெயரோடு பொறித்த பட்டம் 'மோரா' என்பது மட்டும்தான். ஆசிரியை என்று பொருள்.

அலுக்குமா என்று கேட்டீர்கள். பாடம் பழையதுதான். ஆனால் அதை வாசிக்க உட்காரும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் புதிது. கேள்வியும் புதிதாக இருந்தால் அலுப்புக்கு இடமேது?

சரி, மருத்துவச்சிகள் எபிரெயரா, எகிப்தியரா? காரணத்தோடு எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்